தோட்டக் கதையில் ‘அச்சம்’: மெய்ப்பாடும் தன்னியக்க நரம்பு மண்டலமும்



தோட்டப்புறக் கதை ஒன்றைக் கொடுத்து, கதைமாந்தரின் பண்பை விளக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் விடை வரும். "இவர் பயந்த சுபாவம் கொண்டவர். துரையைக் கண்டால் நடுங்குபவர். அடிமை மனப்பான்மை உடையவர்." சான்று எங்கே என்று கேட்டால், நெஞ்சு படபடத்ததாகவோ உடல் வியர்த்ததாகவோ ஆசிரியர் எழுதிய வரியைக் காட்டுவார்கள்.

இந்த விடையில் ஓர் அடிப்படைத் தப்பு இருக்கிறது. நெஞ்சு படபடப்பது ஒருவருடைய பண்பு இல்லை. வியர்ப்பதும் பண்பு இல்லை. அவை உடல் தானாகச் செய்பவை. அந்த ஆளின் அனுமதியைக் கேட்டு உடல் அவற்றைச் செய்வதில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால், கெடாவின் பால்மரக் காடுகளில் உழைத்த ஒரு தலைமுறையையே கோழைகள் என்று நாம் விடைத்தாளில் பதிவு செய்துவிடுகிறோம். அவர்களில் பலர் உங்கள் தாத்தா பாட்டிகள்.

இதைச் சரியாக வாசிக்க நமக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் தன்னியக்க நரம்பு மண்டலம். மற்றது, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கேட்காமலே நடக்கும் வேலை

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உடலுக்குக் கட்டளை கொண்டு போகும் நரம்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை எலும்புத் தசைகளுக்குப் போகிறது. நீங்கள் நினைத்தால் கை உயரும், நினைத்தால் கால் நடக்கும். பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதும் வாளியைத் தூக்குவதும் இந்த வழியில்தான். இரண்டாவது வகை இதயம், இரத்தக் குழாய், குடல், வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணின் பாவை ஆகியவற்றுக்குப் போகிறது. இதயமே, கொஞ்சம் மெதுவாக அடி என்று நேரடியாகக் கட்டளையிட முடியாது. இந்த இரண்டாவது வகைக்குத்தான் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி 1898-இல் ஆங்கிலத்தில் இதற்குப் பெயரிட்டார்.

இதில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் மூளைத் தண்டிலிருந்தும் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. குடலுக்கென்று சொந்தமாக ஒரு நரம்பு வலையும் இருக்கிறது. அதை லாங்லி மூன்றாவது பிரிவாகவே வைத்தார்.

'பரிவு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இந்த நரம்புக்கும் இரக்கத்துக்கும் சம்பந்தமில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று 'சேர்ந்து வருந்தும்' என்ற பழைய கிரேக்கக் கருத்திலிருந்து வந்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. ஆபத்து வந்தால் உடலைத் தயார் செய்வது பரிவு நரம்பின் வேலை. இதயம் வேகமெடுக்கும், கண்பாவை விரியும், தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து தசைக்குப் போகும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும். ஆபத்து நீங்கியபின் உடலை அடக்கி, செரிமானத்தையும் ஓய்வையும் கவனிப்பது எதிர்ப்பரிவு நரம்பு. அதில் பெரியது வேகஸ் என்னும் பத்தாவது மூளை நரம்பு.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை அடிக்கும். ஓய்வில் இருக்கும்போது 70 பக்கம் நிற்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதுதான். 1921-இல் ஆட்டோ லோவி என்ற அறிஞர் இரண்டு தவளை இதயங்களை வைத்து இதை விளக்கினார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அந்த இதயத்தின் அடிப்பு மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது என்பது இதனால் தெரிந்தது. 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உயிரியல் இவ்வளவு போதும். இனி நம் பேச்சுக்கு வருவோம்.

லயத்துப் பேச்சில் உள்ள பாடம்

சுங்கைப் பட்டாணியிலோ பாடாங் செராயிலோ லூனாசிலோ தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாரையாவது பேசவிட்டுக் கேளுங்கள். பயம், கோபம், துக்கம் எதைச் சொன்னாலும் உடம்பை வைத்தேதான் சொல்வார். ஒவ்வொரு தொடரும் ஓர் உறுப்பைக் காட்டும்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சி": பரிவு நரம்பும் அட்ரினலினும் இதயத்தை விரட்டுகின்றன.

"தொண்டத் தண்ணி வத்திப் போச்சி": உமிழ்நீர் குறைந்து வாய் உலர்கிறது.

"வயித்துல புளியக் கரைச்ச மாதிரி இருந்துச்சி": குடலின் இயல்பான அசைவும் அதன் இரத்த ஓட்டமும் மாறுகின்றன.

"மூஞ்சி வெளுத்துப் போச்சி": தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன.

"புல்லரிச்சிப் போச்சி": மயிர்க்காலின் அடியில் இருக்கும் சிறு தசை சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது.

"வேர்த்து விறுவிறுத்துப் போச்சி": இதுவும் பரிவு நரம்பின் வேலைதான். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெயிலைவிட மன உணர்ச்சிக்கே அதிகம் வியர்க்கும்.

"கண்ணு கலங்கிருச்சி": இங்கே கவனம் தேவை. கண்ணீர்ச் சுரப்பியை முக்கியமாக இயக்குவது எதிர்ப்பரிவு நரம்பு. பயத்தின் நரம்பு வேறு, கண்ணீரின் நரம்பு வேறு.

"கை கால் உதறல் எடுத்துச்சி": நடுங்குவது எலும்புத் தசை. அட்ரினலின் அந்த நடுக்கத்தைக் கூட்டும். ஆனால் தசை தன்னியக்க மண்டலத்தைச் சேர்ந்தது இல்லை. உயிரியல் தேர்வில் இதைக் குழப்பினால் மதிப்பெண் போகும்.

"ஈரக்கொல நடுங்கிருச்சி" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஈரல் நடுங்காது. அது உயர்வு நவிற்சி.

இந்தத் தொடர்களைப் பேசியவர்கள் நரம்பியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் தங்கள் உடம்பைக் கூர்ந்து கவனித்தவர்கள். இந்தக் கவனிப்புக்கு நம் இலக்கணத்தில் ஒரு தனி இயலே இருக்கிறது.

மெய்ப்பாட்டியல் கேட்கும் நான்கு கேள்விகள்

மெய் என்றால் உடல். படுதல் என்றால் தோன்றுதல். உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். அச்சம், அழுகை, வெகுளி, நகை, உவகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. மாணவர்கள் இந்த எட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பலருக்கு அதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

ஆனால் உரையாசிரியர் பேராசிரியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் நான்கு படிகளாகப் பிரிக்கிறார். முதலில், உணர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று வெளியே இருக்கிறது. இரண்டாவது, புலன்கள் அதை உணர்கின்றன. மூன்றாவது, அது மனத்தில் ஒரு குறிப்பாகப் பிறக்கிறது. நான்காவது, உடலில் மாற்றமாக வெளிப்படுகிறது. இந்த நான்காவது படிக்குச் சத்துவம் என்று பெயர். விறல் என்றும் சொல்வார்கள். அதற்கு அவர் எடுத்துக்காட்டும் இரண்டு, கண்ணீர் அரும்புவதும் மெய்ம்மயிர் சிலிர்ப்பதும். இரண்டுமே தன்னியக்க நரம்பின் வேலைகள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் காட்டும் பத்து விறல்களின் பட்டியலில் வியர்த்தலும் நடுக்கமும் குரல் சிதைவும் இருக்கின்றன. சாக்காடுகூட இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேச்சுப் போட்டி மேடைகளில், தன்னியக்க நரம்பு மண்டலத்தைத் தமிழன் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான் என்று முழங்குபவர்கள் உண்டு. அப்படி எழுதாதீர்கள். தொல்காப்பியத்தில் நரம்பு முடிச்சு இல்லை, வேகஸ் இல்லை, அட்ரினலின் இல்லை. வியர்வை ஏன் வருகிறது என்ற கேள்வியை அது கேட்கவில்லை. வியர்வையைப் பார்ப்பவருக்கு என்ன புரியும் என்பதுதான் அதன் கேள்வி. கவனித்து வகைப்படுத்துவது ஓர் அறிவு. இயங்கும் முறையைச் சோதித்து நிறுவுவது இன்னோர் அறிவு. முதலாவதை இரண்டாவதாகக் காட்டினால் இரண்டுக்குமே மரியாதை இல்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. அறிவியல் படித்த உற்சாகத்தில், எல்லாம் அட்ரினலின்தான் என்று கதையை மூடிவைப்பது. கண்ணகி அழுததைக் கண்ணீர்ச் சுரப்பியின் சுரப்பு என்று எழுதினால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் கண்ணகியும் இல்லை.

பேராசிரியரின் நான்கு படிகள் பயன்படுவது இங்கேதான். ஏன் என்று பாருங்கள். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் (ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர், நம் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1915-இல் வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றில் உடல் அடையும் மாற்றங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பயத்திலும் கோபத்திலும் உள்ளுறுப்புகளின் மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று அவர் வாதிட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் சிறுசிறு வேறுபாடுகளைக் காட்டின. ஆனாலும் வெறும் நெஞ்சுத் துடிப்பை மட்டும் வைத்து, இது பயமா கோபமா மகிழ்ச்சியா என்று சொல்லிவிட முடியாது. அப்படியென்றால் நான்காவது படியை மட்டும் பார்த்து விடை எழுத முடியாது. முதல் படியான தூண்டிய பொருளைத் தேடிப் போக வேண்டும். இதில் உயிரியலும் உரையாசிரியரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

அச்சத்தின் நான்கு காரணங்களும் தோட்டமும்

அச்சத்துக்குத் தொல்காப்பியர் நான்கு பொருள்களைச் சொல்கிறார். தெய்வமோ பேயோ ஆகிய அணங்கு, விலங்கு, கள்வர், நான்காவதாகத் தம் இறை. இறை என்றால் அரசன், தலைவன், தன்மேல் அதிகாரம் உடையவன்.

இந்த நான்கையும் ஒரு பழைய தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். அணங்கு என்றால் முனியும் பேயும். வெட்டுக்காட்டு எல்லையில் முனீஸ்வரனுக்குக் கல் நட்டிருப்பார்கள். விலங்கு என்றால் இருட்டில் மரம் வெட்டப் போகும்போது காலடியில் கிடக்கும் பாம்பு. கள்வரைச் சொல்ல வேண்டியதில்லை. இறை என்றால் துரை. துரைக்குக் கீழே கிராணி. கிராணிக்குக் கீழே தண்டல்.

முதல் மூன்றுக்கும் நான்காவதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாம்பு போய்விடும். கள்வன் ஓடிவிடுவான். முனி பயம் விடிந்ததும் தெளிந்துவிடும். பரிவு நரம்பு கொஞ்ச நேரம் வேலை செய்து ஓய்ந்ததும், எதிர்ப்பரிவு நரம்பு உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் இறை போவதில்லை. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இருக்கிறார். பால் நிறுக்கும்போது இருக்கிறார். சம்பள நாளில் இருக்கிறார். குடியிருக்கும் லயத்து வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஆக, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் இறை இருக்கிறார்.

சற்று நேர ஆபத்துக்காக அமைந்த உடல் ஏற்பாடு, ஆண்டுக்கணக்கில் ஓய்வில்லாமல் தூண்டப்பட்டால் தூக்கம் கெடும், செரிமானம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும். ஒரு தோட்டக் கதையில் வரும் கிழவருக்கு ஓயாத நெஞ்சுப் படபடப்பு இருந்தால், அதை அவருடைய குணக் குறையாக எழுதாதீர்கள். அவர் எப்படிப்பட்ட அமைப்பில் வாழ்ந்தார் என்பதற்கு அது சான்று.

உடலில் தானாக நடப்பதையும் அதிகாரம் பழக்கிவிட்டதையும்கூடப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெடாவுக்குத் தெற்கே, சிலாங்கூரில், 1941-இல் நடந்த கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று இது: துரைமாரைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். சைக்கிளை விட்டு இறங்குவது எலும்புத் தசையின் வேலை. அதை மறுக்கலாம், அதை எதிர்த்துப் போராடலாம். அவர்கள் போராடினார்கள். அந்த நேரத்தில் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பது அவர்கள் கையில் இல்லை.

ஒரு பத்தியை வாசித்துப் பார்ப்போம்

வகுப்பில் பயன்படுத்துவதற்காக இங்கே ஒரு சிறு பத்தி எழுதித் தருகிறேன்.

பெரட்டுக் களத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. நேற்று தன் பாலின் நிறையைக் குறைத்து எழுதியது ஏன் என்று கேட்கத்தான் அவள் முன்னால் வந்து நின்றாள். கிராணி நிமிர்ந்து பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை ஈரத்தில் வாளியின் பிடி வழுக்கியது. "ஐயா..." என்றாள். குரல் பாதியில் உடைந்தது. பின்னால் யாரோ, "வந்துரு புள்ள" என்றார்கள். அவள் நகரவில்லை.

வழக்கமான விடை: "இப்பத்தியில் அச்சம் என்னும் மெய்ப்பாடு வெளிப்படுகிறது. அவள் கிராணிக்குப் பயந்தவள்." இதில் முதல் வாக்கியம் பாதி சரி. இரண்டாவது வாக்கியம் தவறு.

நான்கு படிகளையும் வைத்துப் பாருங்கள். தூண்டும் பொருள் என்ன? கிராணி மட்டுமா? இல்லை. குறைத்து எழுதப்பட்ட நிறையும் உண்டு. வெகுளிக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்களில் ஒன்று குடிகோள், அதாவது தன் குடியை நலியச் செய்தல். கூலியைக் குறைப்பது அதில் அடங்கும். ஆக அச்சத்தின் பொருளும் வெகுளியின் பொருளும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. புலன் உணர்வது கிராணியின் பார்வையை. மனக் குறிப்பு ஒன்றல்ல, இரண்டு. உடல் மாற்றங்களோ உலர்ந்த நாக்கு, வியர்த்த உள்ளங்கை, உடைந்த குரல். இவற்றில் நாக்கும் உள்ளங்கையும் முழுக்கத் தன்னியக்கம். குரலை உண்டாக்கும் தசைகள் நம் விருப்பத்துக்கு உட்பட்டவைதான். ஆனால் உலர்ந்த தொண்டையும் இறுகிய தசையும் அவற்றைக் கெடுத்துவிடும்.

கடைசி வாக்கியத்துக்கு வாருங்கள். அவள் நகரவில்லை. கால் அவளுடைய விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டும் அவள் அதை நகர்த்தவில்லை. இது தறுகண்மை. தறுகண்மையிலிருந்து பிறப்பது பெருமிதம். பத்தியில் அச்சம் இருக்கிறது, உடலில் இருக்கிறது. பெருமிதமும் இருக்கிறது, அவள் செயலில் இருக்கிறது. அச்சத்தின் நடுவே நிற்கும் பெருமிதத்தைக் காணாமல், வியர்வையை மட்டும் பார்த்து ‘பயந்தவள்’ என்று எழுதும் மாணவர் பத்தியின் உயிரையே தவறவிடுகிறார்.

இதே கண்ணால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையும் பார்க்கலாம். அங்கே ஊரெல்லாம் அஞ்சும் இறையின் உடல்தான் தளர்கிறது. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மணி தெறித்ததும், பாண்டியன் தன் தவற்றைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு விழுந்து இறக்கிறான். கடும் மன அதிர்ச்சியால் இதயத் தசை திடீரெனத் தளரக்கூடும் என்பதை மருத்துவம் இன்று அறியும். அதற்கு டகோட்சுபோ என்று பெயர். 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். பெரும்பாலோர் அதிலிருந்து பிழைத்துவிடுகிறார்கள். பாண்டியனுக்கு வந்தது அதுதான் என்று நாம் நோய் கண்டறியப் போவதில்லை. பார்க்க வேண்டியது வேறு. அவன் உயிர் போனது அவன் கையில் இல்லை. அதற்கு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டது அவன் கையில் இருந்தது. இளங்கோ அவனை உயர்த்துவது அந்த ஒப்புதலால்.

பீடோங், 1947

இதைக் கதையோடு நிறுத்த வேண்டியதில்லை. கெடாவிலேயே வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற அமைப்பு வளர்ந்தது. ஏ. எம். சாமி அதன் தலைவர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள், குடியை விடச் சொன்னார்கள், தன்மானத்தைப் பேசினார்கள். 1947-இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல்கள் நடந்தன. போலீசோடு மோதல் வந்தது. பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். உயிரும் போனது.

போலீஸ் லாரிக்கு முன்னால் நின்ற அந்த மனிதர்களின் உள்ளங்கை வியர்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? எல்லா மனித உடலும் செய்வதைத்தான் அவர்கள் உடலும் செய்திருக்கும். போருக்கு முன்பும் அதே உடல்தான், அதே தோட்டம்தான், அதே துரை அமைப்புதான். மாறியது நரம்பு இல்லை. ‘அடிமை மனப்பான்மை’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த மக்களை எழுதிவிட்டால், 1947 எப்படி வந்தது என்பதை அந்த மாணவரால் விளக்கவே முடியாது.

இன்று அதே பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவ மாணவர்கள் தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். இன்றைய மாணவர் பலருக்குப் பெற்றோர் வேலை செய்வது கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில். பெரட்டு என்ற சொல்லே புதிது. ஆகவே தோட்டக் கதையை வேறு யாரோ ஒரு பயந்த கூட்டத்தின் கதையாக அவர்கள் வாசிப்பது எளிது. அந்தத் தூரத்தைக் குறைப்பது ஆசிரியரின் வேலை. குறைப்பதற்கு உடம்பு நல்ல வழி, ஏனென்றால் அந்த நரம்புகள் அவர்களுக்கும் இருக்கின்றன.

விடை எழுதும்போது

மாணவர்களே, மெய்ப்பாடு பற்றியோ கதைமாந்தர் பற்றியோ கேள்வி வந்தால் இந்த வரிசையில் யோசியுங்கள்.

1. உடல் மாற்றத்தைக் குறிக்கும் சொற்களைக் கோடிடுங்கள். எது தானாக நடந்தது, எது அவர் விரும்பிச் செய்தது என்று பிரியுங்கள்.

2. தூண்டிய பொருள் எது என்று தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருக்கலாம். எட்டு மெய்ப்பாடுகளின் காரணங்களை அறிந்திருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

3. தானாக நடந்ததை மெய்ப்பாட்டுக்குச் சான்றாகக் காட்டுங்கள். விரும்பிச் செய்ததைப் பண்புக்குச் சான்றாகக் காட்டுங்கள். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

4. இரண்டு மெய்ப்பாடுகள் ஒன்றாக வந்தால் தயங்காமல் இரண்டையும் எழுதுங்கள். எது ஓங்கி நிற்கிறது, ஏன் என்று ஒரு வாக்கியம் சேருங்கள்.

5. இலக்கியத் தாளில் அட்ரினலின், வேகஸ் என்று எழுத வேண்டாம். அந்த அறிவு வாசிப்பதற்கு. விடையில் மெய்ப்பாடு, குறிப்பு, விறல் என்ற நம் சொற்களே போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற தோட்ட நாவல் ஒன்றிலிருந்து இரண்டு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு தானாக நடக்கும் உடல் மாற்றங்களையும், மற்றக் குழு விரும்பிச் செய்யும் செயல்களையும் பட்டியலிடட்டும். பிறகு இரண்டு பட்டியலையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். கதைமாந்தரைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தானே தொடங்கும். இயன்றால் வீட்டில் உள்ள பாட்டி தாத்தாவிடம் கேட்டு, உடம்பை வைத்துச் சொல்லும் பேச்சுத் தொடர்கள் பத்தை எழுதிவரச் சொல்லுங்கள். அவற்றில் பல இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை.

தேர்வறையில் கேள்வித்தாளைத் திருப்பும்போது உங்களுக்கும் உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். அதைப் பார்த்து ‘நமக்கு ஒன்றும் தெரியாது’ என்று முடிவு கட்டாதீர்கள். பரிவு நரம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். மூச்சை இழுத்ததைவிட நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி சற்றுக் கூடி, இதயம் கொஞ்சம் மெதுவாகும். நான்கைந்து முறை செய்துவிட்டுப் பேனாவை எடுங்கள். பேனா பிடிக்கும் கை உங்கள் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது.